பழத்தோட்டங்கள் பூக்கும் வேளையில் கார்ப் பயணம்: மலர்ச்சியைத் தவறவிடாமல் திட்டமிடும் முறை

பூத்து நிற்கும் பழத்தோட்டங்களுக்கு நடுவே காரில் போய்வர ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நாட்காட்டியில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துத் தங்கும் அறையைப் பதிவு செய்துவிடுகிறார்கள். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு மரம் முழுமையாகப் பூத்து நிற்பது ஏறத்தாழ ஒரு வாரம்தான். குளிர் நீடித்தால் சில நாட்கள் கூடும், திடீரென்று வெயில் ஏறினால் நான்கைந்து நாட்களில் முடிந்துவிடும், ஒரே இரவின் காற்றும் மழையும் மிச்சத்தைக் கீழே கொட்டிவிடும். ஆண்டுக்கு ஆண்டு பூக்கும் நாள் பத்து நாட்கள்கூட முன்பின்னாக நகரும் என்பதால், சென்ற ஆண்டின் படத்தைப் பார்த்து இந்த ஆண்டின் தேதியை முடிவு செய்வது ஏமாற்றத்தில்தான் முடியும்.

எனக்கும் அப்படி நேர்ந்திருக்கிறது. நெடுந்தொலைவு ஓட்டிச் சென்று ஒரு பள்ளத்தாக்கை அடைந்தபோது மரங்களில் இளம் இலைகளும், தரையில் பழுப்பேறத் தொடங்கிய இதழ்களும் மட்டுமே இருந்தன. வரப்போரம் டிராக்டரை நிறுத்தியிருந்த ஒரு தொழிலாளி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டவராக, ஒன்றும் சொல்லாமல் மலைப்பக்கம் கையை நீட்டினார். அவர் காட்டிய சாலையில் இருபது நிமிடம் வளைந்து வளைந்து ஏறியதும், கீழே முடிந்துபோன அதே மலர்ச்சி மேலே அன்றுதான் தொடங்கியிருந்தது. இந்த வழிகாட்டியில் நான் சொல்வதெல்லாம் அந்தக் கை காட்டிய திசையிலிருந்து கற்றதுதான்: பூக்காலம் இடம் விட்டு இடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, அது நகரும் வழியிலேயே நம் சாலையும் அமைந்தால் ஒரு நாள் முன்னே பின்னே போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது.

எந்த மரம் எப்போது

பழமரங்கள் பூக்கும் வரிசை பெரும்பாலான நாடுகளில் ஒன்றுபோலவே இருக்கிறது. பாதாம் முதலில் பூக்கிறது. அதை அடுத்து ஆப்ரிகாட், பிளம், பீச், நெக்டரின் ஆகியவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. பிறகு செர்ரியும் பேரியும், கடைசியாக ஆப்பிள். இதற்குக் காரணம் மரத்தின் உள்ளே நடக்கும் இரட்டைக் கணக்கு. குளிர்காலத்தில் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் மணி நேரங்களை மரம் சேர்த்துக்கொண்டே வந்து, தன் தேவை நிறைவேறிய பிறகே உறக்கம் கலைகிறது. அதன் பின் போதிய வெப்பம் சேர்ந்ததும் மொட்டு விரிகிறது. பாதாமுக்குச் சில நூறு மணி நேரக் குளிர் போதும், ஆப்பிள் வகைகள் பலவற்றுக்கு 800 முதல் 1,000 மணி நேரமும் அதற்கு மேலும் வேண்டும். குளிர்காலம் மிதமாகப் போன ஆண்டுகளில் ஒரே மரத்தில் சில கிளைகள் பூத்தும் சில கிளைகள் மொட்டாகவும் நிற்பதற்கும் இந்தக் குளிர்ப் பற்றாக்குறையே காரணம்.

ஆகவே எந்தப் பூவைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால் மாதம் தானாகவே வந்து அமையும். மத்தியதரைக் கடலின் மயோர்க்கா தீவில் பாதாம் ஜனவரிக் கடைசியிலேயே தொடங்கிவிடும். கலிபோர்னியாவின் ஃபிரஸ்னோ மாவட்டத்தில் 'பிளாசம் டிரெயில்' என்று அடையாளமிடப்பட்ட, சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை இருக்கிறது. பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை பாதாமின் வெண்மையும் பீச்சின் இளஞ்சிவப்பும் அடுத்தடுத்து அங்கே வரும். காஷ்மீரில் பாதாம் மார்ச்சிலும் ஆப்பிள் ஏப்ரலிலும் பூக்கின்றன. ஸ்பெயினின் ஹெர்த்தே பள்ளத்தாக்கில் செர்ரி மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும், ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க்கை அடுத்துள்ள ஆல்டஸ் லாண்டில் ஆப்பிள் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும், நார்வேயின் ஹர்டாங்கர் ஃபியோர்டு என்னும் நீண்ட கடற்கழியின் கரைச் சரிவுகளில் மே மாதத்திலும், கனடாவின் அனாபோலிஸ் பள்ளத்தாக்கில் மே கடைசியை ஒட்டியும் பூக்காலம் வருகிறது. தென் அரைக்கோளத்தில் இதே வரிசை ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் வரையிலான மாதங்களில் நடக்கும்.

ஒரே பயணத்தில் எல்லா நிறங்களையும் பார்த்துவிட ஆசைப்படுவது இயல்பு. ஆனால் பாதாமும் ஆப்பிளும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் கிடைக்கமாட்டா. பீச்சும் பிளம்மும் கலந்த தோட்டங்கள், அல்லது செர்ரியும் பேரியும் கலந்த தோட்டங்கள் என்று அடுத்தடுத்துப் பூக்கும் இரண்டை இலக்காக வைத்துக்கொண்டால் ஒன்று தவறினாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

உயரத்தைக் கணக்கில் எடுங்கள்

அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 1918-இல் ஒரு விதியைச் சொன்னார். அமெரிக்க நிலப்பரப்பில், வடக்கே அட்சரேகையில் ஒரு பாகை போனால் நான்கு நாட்களும், 400 அடி உயரம், அதாவது சுமார் 120 மீட்டர் ஏறினால் நான்கு நாட்களும் வசந்தத்தின் வரவு தாமதமாகும் என்பது அதன் சாரம். இது தோராயக் கணக்குதான் என்றாலும், பயணத் திட்டத்துக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் கண்டதில்லை. 500 மீட்டர் உயர வேறுபாடு உள்ள ஒரு மலைச்சாலை, இந்தக் கணக்கின்படி, இரண்டு வாரத்துக்கும் மேற்பட்ட பூக்காலத்தைத் தன் வளைவுகளில் மடித்து வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஹூட் ரிவர் பள்ளத்தாக்கில் உள்ள 'ஃப்ரூட் லூப்' சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: சுமார் 56 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்று, கொலம்பியா ஆற்றங்கரையை ஒட்டிய தாழ்நிலத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உள்ள பார்க்டேல் வரை பேரி, செர்ரி, ஆப்பிள் தோட்டங்களுக்கிடையே ஏறுகிறது. ஹெர்த்தே பள்ளத்தாக்கிலும் செர்ரிப் பூ அடிவாரத்தில் தொடங்கிச் சரிவில் மேலேறுவதைக் கண்ணால் பின்தொடரலாம்.

வரைபடத்தில் சமநிலப் பாதையும் ஏறும் பாதையும் இருந்தால், தேதி உறுதியாகத் தெரியாத நிலையில் ஏறும் பாதையையே தேர்ந்தெடுங்கள். மொபைல் வரைபடத்தில் உயரக் கோடுகளைக் காட்டும் வசதியை இயக்கி, தோட்டங்கள் இருக்கும் மிகத் தாழ்ந்த இடத்தையும் மிக உயர்ந்த இடத்தையும் குறித்துவைத்துக்கொண்டு, அந்த இரண்டுக்கும் நடுவில் தங்குமிடம் பாருங்கள். அங்கிருந்து அன்றைய நிலைமைக்கேற்ப மேலேயோ கீழேயோ போகலாம்.

இந்தக் கணக்கைக் குழப்பும் சில இடங்களும் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று நீரைப்போல வழிந்து குழிவான பள்ளங்களில் தேங்குவதால், பள்ளத்தின் அடியில் உள்ள மரங்கள் அதற்குச் சற்று மேலே சரிவில் உள்ள மரங்களைவிடப் பிந்திப் பூக்கக்கூடும். வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவு முந்தும். பெரிய ஏரியை ஒட்டிய தோட்டங்களில், குளிர்காலத்தின் குளிர்ச்சியை நீர் இன்னும் விடாமல் பிடித்திருப்பதால் பூ தாமதமாகும். உறைபனிக் காலம் கடந்த பிறகு பூப்பது பயிருக்கு நல்லது என்பதாலேயே ஏரிக்கரைகளில் பழத்தோட்டங்கள் மிகுதியாக அமைந்தன.

கடைசிப் பத்து நாட்கள்

புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பிருந்து மொட்டின் நிலையைக் கவனிக்கத் தொடங்க வேண்டும். தோட்டக்காரர்கள் மொட்டுக்குப் படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். ஆப்பிளில் முதலில் மொட்டின் நுனி வெள்ளிபோல மினுங்கும், அடுத்து பச்சை தெரியும், பிறகு சிறு மொட்டுகள் நெருக்கிய கொத்தாக வெளிப்படும், பின் அவை இளஞ்சிவப்பாகும். இளஞ்சிவப்பு நிலை வந்துவிட்டால் இதமான வானிலையில் சில நாட்களிலேயே பூ விரிந்துவிடும். ஆப்பிள் கொத்தின் நடுவே இருக்கும் பூ முதலில் விரியும். தோட்டக்காரர்கள் அதை அரசப்பூ என்ற பொருளில் 'கிங் பிளாசம்' என்பார்கள். அந்த நடுப்பூ விரிந்தும் சுற்றியுள்ளவை மொட்டாகவும் இருக்கும் நாட்களில்தான் மரத்தில் வெண்மையும் செம்மையும் ஒருசேரத் தெரியும் என்பதால், முழு மலர்ச்சிக்கு ஓரிரு நாள் முந்திப் போவதையே நான் விரும்புகிறேன்.

நிலையை அறிய வேளாண் துறைகளும் பல்கலைக்கழகங்களும் விவசாயிகளுக்காக வெளியிடும் பூக்கால அறிக்கைகளைப் பாருங்கள். சுற்றுலா விளம்பரங்களைவிட அவை நம்பகமானவை. பார்வையாளர்களை அனுமதிக்கும் தோட்டம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்து, "எத்தனை சதவீதம் விரிந்திருக்கிறது, கீழ்த் தோட்டத்திலா மேல் தோட்டத்திலா" என்று கேட்பது இன்னும் நல்லது. "பூத்துவிட்டதா" என்று பொதுவாகக் கேட்டால் "பூத்துவிட்டது" என்ற பதில்தான் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தங்குமிடத்தை, கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு, வார நாட்களில் பதிவு செய்யுங்கள். வார இறுதியில் இந்தச் சாலைகள் நிரம்பிவிடும்.

சாலையில்

தோட்டச் சாலைகள் உழைப்பவர்களின் சாலைகள். அகலம் குறைவு, ஓரம் மென்மையான மண், பக்கத்திலேயே வாய்க்கால். ஓட்டுநர் பூவைப் பார்க்கக் கூடாது என்பதைப் புறப்படும்போதே எல்லோரும் ஒப்புக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டும்படி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. தனியாகப் போகிறவர் பார்க்கும் ஆசையை நிறுத்தங்களுக்கு ஒத்திவைத்து, ஓட்டும்போது ஓட்டுவதை மட்டுமே செய்ய வேண்டும். மலர்ந்த மரங்களை நோக்கித் தலை திரும்பும் திசையிலேயே கையும் சற்றுத் திரும்புகிறது என்பதையும், எதிரே வரும் காரின் ஓட்டுநரும் அதே மரங்களைத்தான் பார்க்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

முன்னால் போகும் டிராக்டர் எந்த மரவரிசைக்குள் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே தோட்ட நுழைவுகள் உள்ள இடத்தில் அதை முந்தாமல், நேரான வெட்டவெளி வரும்வரை பின்னாலேயே பொறுமையாகப் போங்கள். நிறுத்தும்போது நான்கு சக்கரங்களும் சாலையை விட்டு முழுமையாக விலகும் கெட்டியான இடத்தில் மட்டுமே நிறுத்துங்கள். மழைக்குப் பின் பசும்புல் மூடிய ஓரம் கெட்டியாகத் தோன்றினாலும் சக்கரம் புதைந்துவிடும். ஆள் யாரும் கண்ணில் படாவிட்டாலும் வயல் வாயிலை மறித்து நிறுத்தாதீர்கள். பூக்காலத்தில் எந்த நேரத்திலும் தெளிப்பு வண்டியோ தேனீப்பெட்டி ஏற்றிய லாரியோ வரலாம். மண்சாலையில் மெதுவாகப் போனால் புழுதி எழுந்து மலர்களின் மேல் படியாது. எரிபொருளைப் புறப்படும் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு, வரைபடத்தை மொபைலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைவளைவுகளில் சிக்னல் போய்விடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலையின் முதல் இரண்டு மணி நேரத்தையும் மாலையின் கடைசி இரண்டு மணி நேரத்தையும் பார்ப்பதற்கு வைத்துக்கொண்டு, நடுப்பகலை உணவுக்கும் ஓய்வுக்கும் விடலாம். கிழக்கு நோக்கிய சாலையைக் காலையில் தேர்ந்தெடுத்தால் கண்ணில் வெயில் அடித்து ஓட்டுவது கடினமாகும். காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் போகும்படி சுற்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தின் எல்லையில்

வேலி இல்லை என்பதற்காக உள்ளே போகலாம் என்று பொருளாகாது. பழமரங்களில் பல, குட்டையான துணைக்கிளைகளில் பூக்கின்றன. ஆப்பிளிலும் பேரியிலும் செர்ரியிலும் அதே துணைக்கிளை பல ஆண்டுகள் தொடர்ந்து காய்க்கும். படத்துக்காக ஒரு பூங்கொத்தை ஒடித்தால் இந்த ஆண்டின் ஓரிரு பழங்களோடு போவதில்லை, அந்த இடத்தின் பல ஆண்டு விளைச்சலும் போய்விடுகிறது. ஆப்பிளையும் பேரியையும் தாக்கும் தீக்கருகல் நோயின் பாக்டீரியா முக்கியமாக விரிந்த பூவின் வழியாகவே மரத்துக்குள் நுழைகிறது. கை வைக்காமல் பார்ப்பதைக் குழந்தைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மரவரிசைகளின் ஓரத்தில் அடுக்கியிருக்கும் பெட்டிகள் தேனீக்களுடையவை. கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்காக மட்டும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாடு முழுவதிலிருந்தும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட தேனீக்கூடுகள் லாரிகளில் வந்து சேர்கின்றன. வழக்கமாக ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்று கணக்கு. பெட்டியின் வாசலுக்கு நேரே நிற்பது அவற்றின் பறப்புப் பாதையை மறிப்பதாகும்; பின்புறமாகத் தள்ளி நின்றால் அவை உங்களைப் பொருட்படுத்தமாட்டா. கடும் வாசனைத் திரவியங்களையும் கறுப்பு உடையையும் தவிர்க்கலாம். வாழைப்பழ மணத்துக்குக் காரணமான அதே வேதிப்பொருள் தேனீயின் அபாய அறிவிப்புச் சுரப்பிலும் இருப்பதால், வாழைப்பழத்தைப் பெட்டிகளின் அருகே உரிக்காமல் இருப்பது நல்லது. கொட்டினால் கடும் ஒவ்வாமை உள்ளவர் மருத்துவர் பரிந்துரைத்த ஊசியைக் காரில் விட்டுவராமல் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மருந்து தெளிக்கும் வண்டியின் பனிமூட்டம் தெரிந்தால் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, வெளிக்காற்று உள்ளே வராதபடி ஏசியை மாற்றிவிட்டு, காற்று வரும் திசைக்கு நகர்ந்துவிடுங்கள். எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கும் தோட்டத்துக்குள், அழைப்பு இருந்தாலும் போகக் கூடாது.

அருகில் நின்று பார்க்கும்போது

அனுமதி உள்ள தோட்டம் ஒன்றில் ஒரு மரத்தின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். காரிலிருந்து எல்லாமே வெள்ளையாகத் தெரிந்தவை அப்போதுதான் தனித்தனியே பிரிகின்றன. பாதாம் பூ கிளையோடு ஒட்டினாற்போல், காம்பு தெரியாமல், இலை வருவதற்கு முன்பே அமர்ந்திருக்கும். இதழின் அடிப்பகுதியில் மட்டும் சிவப்பு கசிந்திருக்கும். ஆப்ரிகாட்டின் வெளிர் இதழ்களுக்கு அடியில் கருஞ்சிவப்புப் புல்லிகள் பின்னோக்கி மடிந்திருக்கும். செர்ரி நீண்ட காம்புகளில் கொத்தாக நிற்கும்.

பேரியை அடையாளம் காண அதன் மகரந்தப் பைகளைப் பார்த்தால் போதும். புதிதாக விரிந்த பூவில் தூய வெண்ணிற இதழ்களின் நடுவே, குண்டூசித் தலைகளைப்போல, கருஞ்சிவப்புப் பைகள் வட்டமாக நிற்கும். ஒவ்வொன்றாக வெடித்து மகரந்தத்தைக் கொட்டியதும் நிறம் மங்கிக் கருத்துவிடும். ஆகவே நிறத்தை வைத்தே பூ இன்று விரிந்ததா, முந்தாநாள் விரிந்ததா என்று சொல்லிவிடலாம். மணத்தை மட்டும் பேரியிடம் எதிர்பார்க்காதீர்கள். அதன் தேனிலும் சர்க்கரை குறைவு என்பதால் தேனீக்களே சில நேரம் அதை விட்டுவிட்டு அடியில் பூத்த களைச்செடிகளுக்குப் போய்விடுகின்றன. ஆப்பிளின் மகரந்தப் பைகள் வெளிர் மஞ்சள். இலைகளோடு சேர்ந்தே பூ வரும், இதழின் பின்புறம் மொட்டுக்கால இளஞ்சிவப்பை வெகுநேரம் விடாமல் வைத்திருக்கும்.

வெப்பம் சுமார் 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் தேனீக்கள் அதிகம் வெளிவருவதில்லை. அதிகாலையில் அமைதியாக இருக்கும் தோட்டம், வெயில் ஏறியதும் முழுவதுமாக ரீங்கரிக்கத் தொடங்கும் அந்த நேரத்துக்காகவே காரின் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

உறைபனி எச்சரிக்கை வந்த இரவுக்கு மறுநாள் காலை நீங்கள் அங்கே இருக்க நேர்ந்தால் விடியுமுன் எழுந்துவிடுங்கள். முழுமையாக விரிந்த ஆப்பிள் பூக்களில் பத்தில் ஒரு பங்கு மைனஸ் 2.2 டிகிரியில் அழியும், மைனஸ் 3.9 டிகிரியில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துவிடும். இடையில் உள்ளது இரண்டு டிகிரிக்கும் குறைவு. அதனால்தான் தோட்டக்காரர்கள் உயர்ந்த காற்றாடிகளைச் சுழற்றி மேலடுக்கின் வெதுவெதுப்பான காற்றைக் கீழே இறக்குகிறார்கள், அல்லது இரவெல்லாம் மரங்களின் மேல் நீர் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மொட்டைக் காப்பதால், காலையில் ஒவ்வொரு பூவும் பனிக்கட்டிக்குள் உயிரோடு அடைபட்டிருக்கும். ஓர் ஆண்டின் உழைப்பே ஊசலாடும் நேரம் அது. சாலையில் நின்றே பாருங்கள், அவர்களைக் கேள்வி கேட்டுத் தடுக்காதீர்கள்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படச்சட்டம் முழுவதும் வெண்பூ நிறைந்திருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, சற்றுக் கூட்டுங்கள்; கருத்த மலையின் முன் ஒரே ஒரு கிளை என்றால் இதழின் நரம்புகள் வெளிறிப் போய்விடும், குறையுங்கள். மேகமூட்டமான நாள் இதற்குக் கெட்ட நாளன்று. சாலை ஓரத்தில் நின்று மரவரிசையின் நீளத்துக்கு நேராக, தொலைநோக்கு லென்ஸால் எடுத்தால் மரங்கள் நெருங்கிப் பூவால் ஆன சுவர்போல நிற்கும்.

தாமதமாகிவிட்டால் உடனே திரும்பிவிடாதீர்கள். இதழ்கள் உதிரும் இரண்டு நாட்களில் மரவரிசைகளுக்கு நடுவே தரை வெளுத்துக் கிடக்கும். காற்று வீசும்போதெல்லாம் அது அலைபோல நகரும். அப்போதும் மனம் நிறையாவிட்டால் மேலே ஏறுங்கள். எங்கே, எத்தனை மீட்டர் உயரத்தில், எந்த மரம், எந்த நிலையில் இருந்தது என்பதைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மூன்று வசந்தங்களின் குறிப்பு சேர்ந்த பிறகு, வீட்டிலிருந்தே வானிலையைப் பார்த்து, அந்தச் சாலையின் எந்த வளைவில் இன்று மொட்டு விரியும் என்று உங்களால் சொல்ல முடியும்.